பீச் மரத்தடியில் நான் புதைத்தவை

1

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் பழைய நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருக்கும் மெல்பேர்னுக்கு வந்துவிட எண்ணம். சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி, புழுங்கலரிசி கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஏரோகிராமின் மடிப்பு ஓரத்தில் இடம் கண்டுபிடித்து ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "அந்த வெள்ளைக்காரச் சனத்தை நம்பலாமோ?" மற்றக் கேள்விகளுக்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிட்டேன். இதற்குத்தான் இவ்வளவு தாள் தேவைப்படுகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்புத் துறைமுகத்தில், வருகிற போகிற பெட்டிகளைத் திறந்து பார்க்கும் சுங்க உத்தியோகத்தில் பதினொரு வருடம் இருந்தவன் நான். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கனமாக இருந்தால் சந்தேகம். இலேசாக இருந்தால் அதைவிடச் சந்தேகம். சிரித்துக்கொண்டு வருகிறவனை முதலில் நிறுத்து என்பது எங்கள் பகுதியில் வேதவாக்கு. இங்கே மல்கிரேவில் வாடகை வீடு எடுத்து, கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்ன தெரியுமா? மற்றவர்கள் செய்த சாமானில் பிழை பிடிப்பது. நாடு மாறினதே தவிர என் தொழில் மாறவில்லை.

இப்படிப்பட்டவனிடம் பக்கத்து வீட்டு மிஸிஸ் பார்லோ சிரித்துக்கொண்டு வந்தார்.

2

எங்கள் பின்வளவில் ஒரு பீச் மரம் நிற்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு முன்பிருந்த யாரோ வைத்தது. இங்கே கோடை முடிகிற மாசி கடைசியில் பழுக்கிற மஞ்சள் சாதி. கொட்டையை விட்டுச் சதை இலேசில் கழலாது. நாங்கள் வந்த மூன்றாம் கோடையில் அது தாறுமாறாகக் காய்த்து, ஒரு கிளை வேலியைத் தாண்டி மிஸிஸ் பார்லோவின் புல்தரைக்கு மேலே சாய்ந்துவிட்டது. பழங்கள் அந்தப் பக்கம் விழத் தொடங்கின. எங்கள் ஊரில் என்றால் வேலிக்கு அப்பால் விழுந்த தேங்காய்க்கே இரண்டு தலைமுறை வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகும். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது மனுசி, முட்டி வருத்தத்தோடு குனிந்து குனிந்து பழம் பொறுக்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கதவில் தட்டுச் சத்தம். மிஸிஸ் பார்லோ நின்றார். கையில் நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டம், அதன்மேல் துணி. அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் அது எந்தத் தமிழில் விழுந்ததோ அந்தத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கடை மரத்துப் பழம்தான். சூட்டோடை சாப்பிடுங்கோ."

துணியை எடுத்துப் பார்த்தோம். அதன் பெயர் கொப்ளராம். அடியில் சீனியில் வெந்த பீச் துண்டுகள், மேலே மாவைக் கட்டி கட்டியாக வைத்து அவண் அடுப்பில் பொன்னிறமாக வேகவிட்டது. கட்டிகளுக்கு இடையால் பழச்சாறு கொதித்து வழிந்து தட்டத்தின் ஓரத்தில் பாகாக ஒட்டியிருந்தது. வீடு முழுக்க மணத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் மகள் வாணிக்கு அப்போது ஏழு வயது. கரண்டியோடு வந்துவிட்டாள். நான் தட்டத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மீனே புழங்காது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற ஒருவன், தன் தாய் மாவில் செய்கிற எதற்கும் மாட்டுக் கொழுப்புத்தான் போடுவார், அதற்குத்தான் அந்த ருசி என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். பொரித்த மாட்டிறைச்சியில் வடிகிற கொழுப்பைக் கிழவிகள் டின்னில் சேர்த்து வைப்பார்களாம். மிஸிஸ் பார்லோவும் கிழவிதான். அவர் குசினியிலும் டின் இருக்கும்.

"கேட்டுப் பார்த்தால் என்ன?" என்றாள் என் மனைவி பத்மா. அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எதையும் நேரே கேட்டுப் பழகினவள். நாங்கள் சைவம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாள்.

நான் கூடாது என்றேன். பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வரக்கூடாத காலம் அது.

3

அந்த நேரம் என் தங்கச்சி சரசுவை இங்கே கூப்பிடுவதற்கு மனுப் போட்டிருந்தேன். அப்பா செத்தபிறகு அவள் சின்னம்மா வீட்டில் இருந்தாள். சின்னம்மாவின் மகனுக்கு ஆவணியில் கலியாணம். மருமகள் வந்தால் அந்த வீட்டில் சரசுவுக்கு ஓர் அறை இல்லை, ஒரு மூலைகூட இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை. சரசு கடிதத்தில், "நான் எங்கையாவது ஒரு விடுதி பார்க்கிறன் அண்ணா, நீங்கள் யோசிக்காதையுங்கோ" என்று எழுதினாள். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனுவில் ஒரு சிக்கல். நான் இங்கே வரும்போது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். ஆகவே நான் சிவலிங்கம் கந்தையா. சரசு ஊரிலிருந்து தன் படிவத்தை நிரப்பும்போது, எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கும் தன் பெயரைப் பின்னுக்கும் எழுதிவிட்டாள். ஆகவே அவள் கந்தையா சரஸ்வதி. இந்த நாட்டுக் கணக்கில் அவள் குடும்பப் பெயர் சரஸ்வதி, என் குடும்பப் பெயர் கந்தையா. ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே கட்டத்தில் அந்நியரானோம். குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: உறவு பற்றித் தெளிவில்லை, ஓர் அலுவலர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், தேவையானால் அயலாரிடமும் விசாரிப்பார்.

அயலார் என்றால் யார்? ஒரு பக்கம் வெறுங் காணி. மற்றப் பக்கம் மிஸிஸ் பார்லோ.

இப்போது விளங்குகிறதா? கடிதம் வந்து ஒரு கிழமைக்குள் அந்த மனுசி தட்டத்தோடு வந்து நிற்கிறார். மூன்று வருடமாக வேலிக்கு மேலால் தலையாட்டியதோடு சரி. சோழியன் குடுமி சும்மா ஆடாது. உளவு பார்க்க வந்தாரோ, உள்ளே எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிக் கொடுக்கிறாரோ என்றுதான் என் புத்தி போயிற்று. வாணி வேறு, பள்ளிக்கூடம் விட்டதும் கலர் டீவி பார்க்க அவர் வீட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தாள். என்ன கதைச்சனீங்கள் என்று கேட்டால், "நத்திங், அப்பா" என்பாள். ஒன்றுமில்லை என்று சொன்னவர்களின் பெட்டிகளைத்தான் நான் பதினொரு வருடம் திறந்து பார்த்தேன்.

4

சாப்பிட முடியாது, திருப்பிக் கொடுக்க முடியாது. குப்பைத் தொட்டியில் போடலாமென்றால், செவ்வாய்க்கிழமை தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும்போது அவர் பக்கத்தில் நிற்பார். குப்பை என்பது சாட்சி. எனவே வியாழக்கிழமை பின்னேரம், அவர் புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற கிழவிகள் கழகத்துக்குப் போகிற நேரம் பார்த்து, பீச் மரத்தடியில் கிடங்கு வெட்டி அதைப் புதைத்தேன். வாணி படிக்கட்டில் நின்று அழுதாள். அந்த அழுகை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மண்ணை மூடிவிட்டேன்.

பிறகு தட்டத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும். இங்கேதான் எங்கள் சனத்துக்கே உரிய பிழையை விட்டேன். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க எங்கள் கை வராது. ஊரில் ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கட்டு முருங்கையிலையாவது போட்டுத்தான் அனுப்புவோம். வெறும் பாத்திரம் கொடுத்தால் உறவை முடித்துக்கொள்கிறோம் என்று பொருள். பொரிவிளங்காய் கொடுப்போமா என்று பத்மா கேட்டாள். அந்த மனுசியின் பல் உடைந்தால் அதுவும் என் மனுவில் ஏறும் என்றேன். கடைசியில் மரத்திலேயே எட்டுப் பழம் பறித்துத் தட்டத்தில் அடுக்கிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த எட்டுப் பழமும் கொப்ளராகித் திரும்பி வந்தது.

நான் மறுபடி புதைத்தேன், வாணி மறுபடி அழுதாள். மறுபடி பழம் அடுக்கி அனுப்பினேன். மறுபடி வந்தது. வெறும் தட்டத்தை அனுப்ப எனக்கு மனமில்லை. பழம் நிறைந்த தட்டம் வந்தால், இன்னொன்று செய்து தாருங்கோ என்று கேட்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்தக் கிழவி விடாமல் துரத்துகிறாளே, இதற்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் ஆழமாகத்தான் கிடங்கு வெட்டினேன். நான்கு சனிக்கிழமை, நான்கு கொப்ளர், நான்கு கிடங்கு. நல்ல உணவை மண்ணில் போடுகிறீர்கள், இது எங்கே போய் முடியுமோ என்று பத்மா என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

5

ஐந்தாம் கிழமை அலுவலர் வந்தார். இளம் பொடியன், முழங்கால்வரை வெள்ளைச் சொக்ஸ், அரைக்கால் சட்டை, கையில் கோப்பு. என் வீட்டுக்கு வரவில்லை. நேரே மிஸிஸ் பார்லோவின் கதவைத் தட்டினார்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கால் மணித்தியாலம் போனது. அரை மணி போனது. எங்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் அரை மணித்தியாலத்துக்கு என்ன இருக்கிறது? வாணியின் வாயிலிருந்து என்னவெல்லாம் பிடுங்கியிருப்பார்? முக்கால் மணியானபோது, சரசு ஏதோ ஒரு விடுதியில் தகரப் பெட்டியோடு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தட்டத்தால் என் தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் வெளியே வரும்போது வாய் துடைத்துக்கொண்டு வந்தார்.

என் வீட்டில் அறைகளைப் பார்த்தார். பெயர்ச் சிக்கலைக் கேட்டார். அப்பாவின் பெயர் முன்னுக்கு வருகிற விதத்தை விளக்கினேன். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தலையாட்டினார். கோப்பை மூடினார். எழும்பும்போது, ஞாபகம் வந்தவர்போல ஒன்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு அம்மா சொன்னா, உங்களுக்குக் கிடைக்கிற சாப்பாட்டிலை முதல் பங்கை மரத்தடியிலை மண்ணுக்குக் குடுப்பீங்களாம். அது உங்கடை சமயமோ?"

பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? அந்த மனுசி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பாவம், அதைப் பூசை என்று நினைத்திருக்கிறார். பத்மா என்னைப் பார்த்தாள். நான் பத்மாவைப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றேன். "எங்கடை வழக்கம்."

உங்கள் தங்கச்சிக்கும் அந்த வழக்கம் உண்டா என்றார். அவள் என்னைவிடப் பக்தி கூடினவள் என்றேன். அவர் மீண்டும் கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். ஓர் அரசாங்கக் கோப்பில், எங்கோ ஒரு றாக்கைத் தட்டில், நான் கண்டுபிடித்த சமயம் ஒன்று இன்றைக்கும் இருக்கவேண்டும்.

6

ஆடி மாதம் அனுமதி வந்தது. சின்னம்மா வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் வந்த அந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் படித்து, பிழை எதுவும் இல்லை என்று கண்டபிறகுதான் பத்மாவிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைப்பான். கடவுச்சீட்டு, வைத்தியச் சோதனை, ரிக்கற் என்று எல்லாம் முடிய சரசு வருகிற நாள் மாசி மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. கலியாணம் முடிந்து அவ்வளவு காலமும் அவள் தன்னோடு படித்த ஒருத்தியின் வீட்டில் இருந்தாள்.

மாசி என்றால் பீச் பழுக்கிற காலம். அப்போதுதான் எனக்குப் புதுப் பயம் பிடித்தது. சரசு வந்து இறங்குவாள். மிஸிஸ் பார்லோ சிரித்துக்கொண்டு வந்து, உங்கள் சமயத்தில் மண்ணுக்கு முதல் பங்கு கொடுக்கிறீர்களாமே என்று கேட்பார். சரசு, அப்படி ஒன்றும் கிடையாதே என்பாள். பிறகு என் பொய் கந்தோர்வரை போகும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எனக்குக் கனமிருந்தது; அதை இறக்கிவைக்க ஒரு சாட்டுத் தேவைப்பட்டது. அவள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, வேலிக்கு மேலால் மிஸிஸ் பார்லோவைக் கூப்பிட்டு, கொப்ளர் செய்யக் காட்டித் தருவீங்களோ என்று கேட்டேன். என் குசினியில், என் சாமானோடு என்றேன். பட்டர் நானே வாங்கி வைத்திருந்தேன். சந்தேகம் அப்பவும் போகவில்லை.

அவர் வந்தார். கதிரையில் இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், வாயால் மட்டும் சொன்னார். கொதிநீரில் பழத்தை ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் தானாக உரிகிறது. கொட்டையோடு ஒட்டிய சதையைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். அதைச் சீனியும் எலுமிச்சம் புளியும் சேர்த்துத் தட்டத்தில் பரப்பினேன். பிறகு மா. பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டு விரல் நுனியால் உதிர்க்கச் சொன்னார். நான் உதிர்த்தேன். குசினி வேலை அவ்வளவு தெரியாதவன்தான், ஆனால் இந்தப் பதம் என் விரலுக்குத் தெரிந்திருந்தது. புட்டுக்கு மா குழைக்கிற பதம். பத்மா வேலைக்குப் போன நாட்களில் புட்டு நான்தான் குழைப்பேன். "கெட்டிக்காரன்," என்றார் அவர். பால் விட்டு, அளவாகப் பிசைந்து, பழத்தின்மேல் கரண்டி கரண்டியாக வைத்து, மேலே சீனி தூவி, அவணுக்குள் தள்ளினேன்.

வேக நாற்பது நிமிடம். சும்மா இருக்க முடியவில்லை. ஓரத்தில் சாறு கொதிக்கத் தொடங்கிய நேரம், நான் சொல்லிவிட்டேன். மண்ணுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. மாட்டுக் கொழுப்பு என்று சந்தேகப்பட்டு நான்கையும் புதைத்தேன். அந்தப் பொடியன் கேட்டபோது, நீங்கள் நினைத்ததையே பிடித்துக்கொண்டு ஓம் என்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.



"முதலாவது மாட்டுக் கொழுப்புத்தான்," என்றார். "நீ நினைச்சது சரி. பிறகு உன்ரை மகள் வந்து, நாங்கள் மாடு சாப்பிடமாட்டம் எண்டு சொன்னாள். மற்ற மூண்டும் பட்டர்."

ஆக, என் சந்தேகம் நாலில் ஒன்றுக்குச் சரி. பதினொரு வருட அனுபவம் அல்லவா? அந்த வெற்றியை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மகள் அந்த வீட்டில் என்ன கதைத்தாள் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. எனக்காகத்தான் கதைத்திருக்கிறாள்.

பென்சன் காசில் கொழுப்பை விட்டுப் பட்டர் வாங்கியிருக்கிறார். அதையெல்லாம் மண்ணில் போட்டது தெரியாமல் பூசை என்று நினைத்திருக்கிறாரே என்று இன்னும் வெட்கமாகி, நீங்கள் எங்களைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைத்திருக்கிறீர்கள் என்றேன்.

"நானோ? நான் அப்படி நினைக்கேல்லை," என்றார் மிஸிஸ் பார்லோ. "இரண்டாம் கிழமை முட்டி நோவிலை விளையாடப் போகாமல் வீட்டிலை நிண்டனான். நீ கிடங்கு வெட்டேக்கை உன்ரை பிள்ளை அழுததைப் பார்த்தன். பூசைக்கு ஆர் அழுறது? எனக்குச் சரியான கோபம். அடுத்த நாள் பார்த்தால் தட்டம் கழுவிப் பழம் நிரம்பி வருது. சரி, இந்த வீட்டிலை ஆரோ மரியாதை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு திருப்பிச் செய்தன்."

அப்படியானால் அந்தப் பொடியனிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவன் என்ரை மேசையிலை இருந்து கொப்ளர் சாப்பிட்டான். இவையள் இதைச் சாப்பிட்டிச்சினமோ, எங்களோடை ஒட்டுவினமோ எண்டு கேட்டான். அதுக்குள்ளை அந்த யன்னலாலை பார்த்திட்டு, மரத்தடியிலை ஏன் இவ்வளவு மண் கிண்டிக் கிடக்கு எண்டும் கேட்டான். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவணிலிருந்து மணம் வரத் தொடங்கியிருந்தது. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி, கண்ணாடிக்குள்ளால் குனிந்து பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நீ சாப்பிடாட்டிப் போ. ஊரிலையிருந்து வாற உன்ரை தங்கச்சியாவது சாப்பிடும் எண்டு நினைச்சன்."